ஒப்புக்கொடுத்தல்

ஆம்பூர்,
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள சவுரி அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே நான், வசந்த், நிஷா மூவரும் சுகம். அங்கே மலையில் மழை பிடித்திருக்கும், உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மதரும் மற்ற சிஸ்டர்களும் நலமா?

நிஷாவைக் காட்பாடியில் கல்லூரியில் சேர்த்தாயிற்று. தினமும் ரயிலில் போய் வருகிறாள். எனக்கு ஷூ கம்பெனியில் அதே ஏற்றுமதி செக்ஷன், அதே நாற்காலி. வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டது என்று இரண்டு லைனை மூடிவிட்டார்கள்.

மீனாம்பாளை நினைவிருக்கிறதா? நீ மடத்தில் சேர்வதற்கு முன்னால் உனக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைத்தவள். இப்போது எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். அவளுக்குக் கர்ப்பப்பையில் கேன்சர். பதறாதே, பிழைத்துக்கொண்டாள். மாதவிடாய் நின்று மூன்று வருஷம் ஆனவளுக்குத் திடீரென்று கொஞ்சம் உதிரம் பட்டிருக்கிறது. "வயசு திரும்புதுடி, இன்னொரு கல்யாணம் கட்டிக்கலாம்" என்று லைன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். மறுபடி பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. லீவு போட்டு வேலூருக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், உள்ளேயிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டரம்மா விளக்கிக்கொண்டிருக்கும்போதே இவள், "ஷூவுக்கு உள்ள லைனிங் குடுக்கிறோமே, அந்த மாதிரி கர்ப்பப்பைக்கும் ஒண்ணு இருக்குதா டாக்டரம்மா? அதுலதான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, ஏறக்குறைய அதேதான் என்றார். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் கர்ப்பப்பையை எடுத்ததோடு சரி. அடுத்த மாதம் வேலைக்கு வருகிறாள்.

மதர், மடத்து வழக்கப்படி அக்காவின் கையில் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் இதைப் பிரித்துப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மடத்துக்கு எழுதுகிற விஷயமா இது என்று கோபிக்க வேண்டாம். அங்கேயும் பெண்கள்தானே இருக்கிறீர்கள்.

அக்கா, மே மாதம் உன்னைப் பார்க்க வந்தபோது பார்வையாளர் அறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உதடு வெளுத்திருந்தது. கேட்டதற்குக் குளிர் என்றாய். ஊர் வந்து சேரும்வரை ரயிலில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உடம்பைப் பற்றி ஒரு வரியாவது எழுது.

அன்புத் தங்கை,
பிரிசில்லா


அடைப்பு மடம், நீலகிரி மலை,
20 செப்டம்பர் 2023

கிறிஸ்துவில் அன்பான தங்கைக்கு,

இறைவன் அருளால் இங்கு அனைவரும் நலம். உங்கள் மூவரையும் தினமும் பூசையில் நினைக்கிறேன். நிஷா ரயிலில் ஏறி இறங்கும்போது கவனமாக இருக்கச் சொல்.

மீனாம்பாளைப் பற்றி எழுதியிருந்தாய். அவளை நினைத்தால் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. ஊசி கையில் ஏறினால்கூட ஏதாவது கிண்டலாகச் சொல்லிவிட்டுத்தான் அழுவாள். பிழைத்ததற்கு நன்றி சொன்னேன்.

இந்த மாதம் கோயில்களுக்குப் பூசையில் கொடுக்கும் அப்பம் நிறைய கேட்டிருக்கிறார்கள். அப்பச் சட்டியின் முன்னால் நின்றே நேரம் போய்விடுகிறது. தோட்டத்தில் முட்டைக்கோசு நன்றாக வந்திருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். மீனாம்பாளுக்கு வலி இருந்ததா? முதலில் பட்டதற்கும் டாக்டரிடம் போனதற்கும் நடுவே எவ்வளவு காலம் ஆயிற்று? அவளுக்காக ஜெபிக்கும்போது விவரம் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

மரியாயின் அடைக்கலத்தில் உங்களை விட்டு,
சகோ. சவுரியம்மாள்


ஆம்பூர்,
2 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. நீ உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்பதையும் பார்த்தேன்.

மீனாம்பாளுக்கு வலி இல்லை. அதுதான் இந்த நோயின் மோசம். வலிக்காததால் யாரும் எழுந்து போவதில்லை. முதலில் பட்டது சிவப்பாகக்கூட இல்லையாம், பழுப்பாக, உள்பாவாடையில் டீ சிந்திய மாதிரி. நடுவில் நின்றும்விட்டது. நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்றார் டாக்டரம்மா. இரண்டு மாதத்துக்குள் போய்விட்டோம். உடம்பு பெருத்தவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஜாஸ்தியாக வருமாம். பிள்ளை பெறாதவர்களுக்கும்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உன் முகம்தான் வந்தது. மீனாம்பாளுக்கு ஜெபிக்க ஆண்டவருக்கு இவ்வளவு விவரம் தேவையில்லை அக்கா. நேராகவே கேட்கிறேன். உனக்கு மாதவிடாய் நின்று எவ்வளவு காலம் ஆகிறது? நின்ற பிறகு பட்டதா?

மதர், இதைப் படிக்கிற நீங்களும் தயவுசெய்து என் அக்காவைக் கேளுங்கள். என்னிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வாள். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்கிறவள் அல்ல.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பிரிசில்லா


அடைப்பு மடம்,
1 டிசம்பர் 2023

அன்பான தங்கைக்கு,

சமாதானம் உன்னோடு இருப்பதாக. நாளை மறுநாள் திருவருகைக்காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் இதை அவசரமாக எழுதுகிறேன்.

நீ கவலைப்படுகிற அளவுக்கு எதுவும் இல்லை. எனக்கு நின்று நான்கு வருஷம் ஆகிறது. நடுவில் கொஞ்சம் பட்டது உண்மைதான். அப்பச் சட்டியின் சூடு உடம்பில் ஏறியிருக்கும். போன வருஷம் மகளிர் முகாமிலிருந்து நர்ஸ் ஒருவர் இங்கே வந்து, கர்ப்பப்பை வாயில் கேன்சர் இருக்கிறதா என்று எங்கள் எல்லாரையும் பரிசோதித்தார். அதில் எனக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆகவே நிம்மதியாக இரு.

மதருக்கு என் உடல்நலத்தில் எப்போதும் அக்கறை உண்டு.

வசந்துக்கும் நிஷாவுக்கும் என் ஆசீர். பனி நேரத்தில் நீ தலைக்குக் குளித்துவிட்டு அப்படியே வேலைக்குப் போகாதே.

சகோ. சவுரியம்மாள்


ஆம்பூர்,
7 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நாங்கள் மூவரும் சுகம் என்று வழக்கப்படி எழுதுகிறேன். எனக்குத் தூக்கம் சரியில்லை.

முகாமில் செய்தது கர்ப்பப்பையின் வாய்க்கு. அதில் ஒன்றுமில்லை என்றால் வாயில் ஒன்றுமில்லை, அவ்வளவுதான். உள்ளே இருப்பது அதில் தெரியாது. மீனாம்பாளுக்கும் கம்பெனி முகாமில் அதே டெஸ்டு நன்றாகத்தான் வந்தது. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன், கோபிக்காதே. "வாசப்படியைப் பெருக்கிட்டு வீடே சுத்தம்னு சொல்றாங்களா உங்க அக்கா? போயி கூட்டியாடி அவங்களை" என்றாள்.

வேலூருக்குக் கல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் படுத்தபடியே ரயிலில் வருகிறார்கள். காட்பாடி பிளாட்பாரத்தில் நிஷா தினமும் பார்க்கிறாள். நீ அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் வளர்ந்தவள். மடத்தைவிட்டு வெளியே வரக்கூடாது என்பது உங்கள் ஒழுங்கு என்று தெரியும், ஆனால் ஒரு நாள் போதும். ஸ்கேன், சதைப் பரிசோதனை. ஒன்றுமில்லை என்றால் திரும்பிப் போய்விடு, நானே கொண்டுவந்து விடுகிறேன்.

"நேராக மதருக்கே போன் போடேன்" என்கிறார் வசந்த். இரண்டு தடவை நம்பரை எடுத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நான் உனக்குத் தெரியாமல் அவரிடம் பேசினால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாகும். கடிதம் அப்படியில்லை. நான் உனக்குத்தான் எழுதினேன், அவர் படித்தார். என்மேல் குற்றமில்லை. அப்படி ஒரு கோழைத்தனமான கணக்கு. இப்போது அதில் கோபமும் சேர்ந்துவிட்டது. மாதக்கணக்காக என் கடிதங்களைப் படித்துவிட்டு அசையாமல் இருக்கிறவரிடம் போனில் புதிதாக என்ன சொல்ல?

மதர், இந்த வரியையும் படித்துக்கொள்ளுங்கள்.

பிரிசில்லா


அடைப்பு மடம்,
11 பிப்ரவரி 2024

அன்பான தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நீ நன்றாகத் தூங்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. உயிர்ப்புத் திருவிழாவுக்குப் பிறகுதான் இனி எழுத முடியும். இந்த வருஷம் ஆண்டவருக்கு எதை ஒப்புக்கொடுப்பது என்று ஒவ்வொருவரும் தீர்மானித்திருக்கிறோம். நானும் தீர்மானித்துவிட்டேன். அப்ப வேலையிலிருந்து மாறி இப்போது துணி துவைக்கிற இடத்தில் இருக்கிறேன். தண்ணீர் சில்லென்று இருக்கிறது, கை மரத்துப்போனால் நல்லதுதான்.

மதரைக் கோபித்துக்கொள்ளாதே. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

சகோ. சவுரியம்மாள்


ஆம்பூர்,
3 மார்ச் 2024

மதிப்பிற்குரிய மதர் ஜெசிந்தா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். முதன்முறையாக உறையின்மேல் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன்.

என் அக்காவுக்கு மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் படுகிறது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து நான் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் நீங்கள் படித்திருக்கிறீர்கள். உங்களைக் கெஞ்சியும் எழுதினேன். நீங்கள் ஏன் பேசவில்லை? மடத்து ஒழுங்கு பெரிது என்றால் அதையாவது சொல்லியிருக்கலாம். வலி வந்து சுருண்டு விழுந்த பிறகு அனுப்பினால் அங்கே டாக்டர்கள் செய்வதற்கு எதுவும் இருக்காது.

மரியாதைக் குறைவாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். இதற்கு மேல் மரியாதையாக எழுதத் தெரியவில்லை.

பிரிசில்லா வசந்த்


அடைப்பு மடம்,
9 மார்ச் 2024

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு,

சமாதானம். தவக்காலத்தில் நாங்கள் எழுதுவதில்லை. இதற்கு நானே எனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

உன் கடிதங்களில் ஒன்றையும் நான் படித்ததில்லை. நான் தலைவியான வருஷமே சிஸ்டர்களின் கடிதங்களைப் பிரிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன். வயது வந்த பெண்களின் வீட்டுச் சேதியை நான் ஏன் படிக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பல வருஷம் ஆகிறது. நீ உறையை எப்படி ஒட்டினாயோ அப்படியே அவள் கைக்குப் போயிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் அவளை அழைத்துக் கேட்டேன். முழந்தாளிட்டுக்கொண்டு, "ஆமாம் மதர்" என்றாள். எப்போதிருந்து என்றேன். போன உயிர்ப்புத் திருவிழாவிலிருந்து என்றாள். ஏறக்குறைய ஒரு வருஷம்.

துவைக்கும் வேலையை அவள் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதைத் தாழ்மை என்று எண்ணி, எல்லார் முன்னாலும் அவளை உதாரணமாகக் காட்டினேன். தன் துணியைப் பிறர் பார்க்காமல் இருக்கத்தான் என்று இப்போது தெரிகிறது.

திங்கட்கிழமை இரண்டு சிஸ்டர்கள் துணையோடு வேலூருக்கு அனுப்புகிறேன். வலியால் அவளால் நெடுநேரம் உட்கார முடியவில்லை, வண்டியில் படுக்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டியிருக்கும். நீ ஆஸ்பத்திரியில் இரு.

மதர் ஜெசிந்தா


பாகாயம்,
16 ஜூன் 2024

அன்பான பிரிசில்லாவுக்கு,

நீ ஞாயிறுதோறும் வேலூருக்கு, இந்த நோயாளர் இல்லத்துக்கு வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போகிறாய். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேச வாய் வருவதில்லை. அதனால் இங்கிருந்து உன் வீட்டுக்கு ஒரு மணி நேரம்தான் என்றாலும் கடிதமாகவே எழுதுகிறேன். இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

டாக்டர் உன்னிடம் சொன்னதை என்னிடமும் சொல்லிவிட்டார். நுரையீரல் வரை போய்விட்டது, கர்ப்பப்பையை எடுத்துப் பயனில்லை, மருந்து கொஞ்ச காலத்தைத் தரும். நீ என்னிடம் வேறு மாதிரி சொன்னாய். பரவாயில்லை, நானும் உனக்கு அப்படித்தான் எழுதினேன்.

மதர் படிக்கிறார் என்று நினைத்து நீ எழுதிய ஒவ்வொரு வரியையும் நான் மட்டும்தான் படித்தேன். 'மதர், கேளுங்கள்' என்று நீ எழுதியபோது ஒரு வரியில் உன்னைத் திருத்தியிருக்கலாம். திருத்தினால் நீ அன்றைக்கே போன் போட்டிருப்பாய். அது தெரிந்துதான் விட்டுவிட்டேன். அவர் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன். ஆகவே யாரும் கேட்காதபடி நடந்துகொண்டேன்.

இந்த நோயை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பயம் பிரிசில்லா. சாவுக்கு இல்லை. டாக்டர் மேசையில் கால் விரித்துப் படுக்க வேண்டுமே என்ற பயம். என் உடம்பை நானே பார்க்காமல் குளித்துப் பழகியவள் நான். கடைசியில் படுத்தபோது அது ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த டாக்டர் பெண்ணுக்கு நிஷாவைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். "ஆச்சு சிஸ்டர், எழுந்திரிங்க" என்று கை கொடுத்தாள். இதற்கா ஒரு வருஷம் என்று இருந்தது.

புதன்கிழமை மீனாம்பாள் வந்தாள். கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து, "இன்னா சவுரி, நூலு மட்டமா இருக்குதுன்னு சூப்பர்வைசர்கிட்ட அவ்ளோ சண்டை போடுவியே, இதுக்கு வாயைத் திறக்க மாட்டியா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மீனாம்பாள் சிரிக்காமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவளுக்கு இரண்டு மாதம். எனக்கு ஒரு வருஷம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நீ நன்றாகச் சாப்பிடு. முகம் வாடிப்போயிருக்கிறது.

அக்கா


ஆம்பூர்,
18 ஜூன் 2024

அக்கா,

நலமா என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை.

உன் கடிதத்தைக் கம்பெனி பாத்ரூமில் நின்று படித்தேன். உன்மேல் வந்த கோபத்தில் அதைக் கசக்கிவிட்டுப் பிறகு நீவி மடித்தேன். நம்பரை எடுத்து வைத்துவிட்டு வந்தேனே இரண்டு தடவை, அதை நினைத்துக்கொண்டே மிஷின் சத்தத்துக்கு நடுவில் நின்றேன். நீ என்னைத் திருத்தவில்லை. நான் மதரிடம் நேராகப் பேசவில்லை. நாம் இரண்டு பேரும் மதரின் பின்னால் ஒளிந்துகொண்டோம். அங்கே அவர் இல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை. உனக்குச் செய்ய ஏதாவது இருந்தால் சொல், செய்கிறேன்.

பிரிசில்லா


பாகாயம்,
28 ஜூலை 2024
(சொன்னவர் சகோ. சவுரியம்மாள், எழுதியது பிரிசில்லா)

மடத்திலுள்ள என் சகோதரிகள் அனைவருக்கும்,

சமாதானம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் புனிதர் வரலாறு வாசிக்கும் இடத்தில் இதை வாசிக்கும்படி மதரிடம் கேட்டிருக்கிறேன். சோறு ஆறினால் ஆறட்டும்.

மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழிந்தவர்களுக்கு ஒரு துளி பட்டாலும் அது சாதாரணம் இல்லை. பழுப்பாகப் பட்டாலும், தண்ணீராக வந்தாலும், நாற்றத்தோடு வந்தாலும் அப்படித்தான். இன்னும் நிற்காத வயதில் இருப்பவர்கள், மாதத்தில் இரண்டு முறை வந்தாலோ, முன்னைவிட அதிகமாகப் போனாலோ, நடுவில் பட்டாலோ சொல்லுங்கள். அடிவயிறு வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு வலி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பச் சட்டியின் சூடு காரணம் இல்லை. முகாமில் நமக்குச் செய்த டெஸ்டு இதைக் காட்டாது. பிள்ளை பெறாத நமக்கு இது வருகிற வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்று டாக்டர் சொன்னார். பட்ட எல்லாருக்கும் கேன்சர் இருக்காது, பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். எது என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும். ஆரம்பத்தில் பார்த்தவர்கள் பிழைக்கிறார்கள். என்னோடு மிஷின் தைத்தவள் பிழைத்து, நேற்றுகூட வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

இதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்காதீர்கள். அவர் கேட்கவில்லை. மதரிடம் போய்ச் சொல்லுங்கள்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
சவுரியம்மாள்


அடைப்பு மடம்,
6 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு,

சமாதானம். சவுரியம்மாள் கண் திறப்பது குறைந்துவிட்டது என்று பாகாயத்திலிருந்து எழுதியிருந்தார்கள். உன் உடம்பையும் பார்த்துக்கொள், இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்காதே. அவள் விழித்திருக்கிற நேரம் பார்த்து இதைக் காதருகில் படித்துக் காட்டு.

நேற்று மதியம் அவளுடைய கடிதத்தை வாசித்தோம். வழக்கமாக வாசிக்கும் சிஸ்டர் முதல் வரியோடு தாளைக் கீழே வைத்துவிட்டாள். நானே எழுந்து போய் வாசித்தேன். இப்படிப்பட்ட வார்த்தைகளை நான் சத்தமாகச் சொல்வது என் எழுபத்தோரு வயதில் இதுதான் முதல் தடவை. யாரும் தலை நிமிரவில்லை. யாரும் சாப்பிடவும் இல்லை. முடித்ததும் நன்றி ஜெபம் சொல்லிக் கலைந்தோம்.

பாத்திரங்கள் கழுவி முடிந்தபின் என் அறைக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. கதவைத் தட்டவில்லை. நான் எழுந்து திறந்தேன். பெயரை எழுத மாட்டேன், எங்களில் மூத்தவர்களில் ஒருத்தி. கையிலிருந்த ஈரம்கூடக் காயவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் மதர்."

மதர் ஜெசிந்தா